மட்டக்களப்பு வாவிக்கரையில் மாதவிடாய்ச் சுகாதாரம் – ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் எழுதப் புகுந்தோர் பலர். 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட விவரண நூலும், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் பண்டிதர் வி. சீ. கந்தையா வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் இத்துறையில் அடிப்படை நூல்களாக இன்றும் கொள்ளப்படுகின்றன. வயலும் வாவியும், குடியும் கோயிலும், கூத்தும் குளிர்த்தியும் இந்நூல்வழி மரபிலே நிறைய இடம்பெற்றுள்ளன. எனினும் வீட்டின் பின்வளவும் கிணற்றடியும் வரலாற்றின் பொருளாகக் கொள்ளப்பட்டமை அரிது. சமூகத்தின் சரிபாதியினர் வாழ்நாளில் ஏறக்குறைய 35 ஆண்டுகள் மாதந்தோறும் எதிர்கொள்ளும் ஓர் உடல் நிகழ்வு தொடர்பாக யார் துணி கொடுத்தார், யார் அதனை வெளுத்தார், யார் சிறுமிக்கு விளக்கம் சொன்னார், யார் அதற்கான செலவை ஏற்றார் என்னும் வினாக்கள் வரலாற்று வினாக்களே. இவற்றுக்கு விடை காண முற்படுமிடத்து, சாதியமைப்பு, தாய்வழி மரபு, அரச சுகாதார சேவை, போர், கடற்கோள், வரிக்கொள்கை ஆகிய யாவும் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி வந்து நிற்பதைக் காணலாம்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, கடலோரமாக அமைந்த எழுவான்கரையையும் உட்புறத்து வயல்நிலமான படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. வாவி நீர் உவர்நீர். சவர்க்காரம் அதில் நன்கு நுரைப்பதில்லை. எழுவான்கரையின் மணற்பாங்கான வளவுகளிலே சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். படுவான்கரை மக்களோ குளத்தையும் வாய்க்காலையும் நம்பியவர்கள்; ஆடி, ஆவணி வறட்சியில் அங்கே குடிநீர் தாங்கி ஊர்திகளில் கொண்டுசெல்லப்படுவது வழமை. மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றி நகரிலிருந்து பேசுவோர் துணியையும் துவாயையும் பற்றியே பேசுவர். நீரைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. ஆனால் இப்பிரதேசத்தில் முதற் பிரச்சினை நீரே ஆகும்.

தமிழிலக்கியத்தில் பூப்புப் பற்றிய குறிப்புகள் பழமையானவை. பூப்புத் தோன்றியதிலிருந்து பன்னிரு நாட்கள் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் ஆகாது எனத் தொல்காப்பியக் கற்பியல் விதிக்கின்றது. புறநானூற்று 299ஆம் பாட்டில், போர்க்களத்தே ஒதுங்கி நின்ற பகைவரின் குதிரைகளுக்கு உவமையாக, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரைப் பொன்முடியார் காட்டுகின்றார். ஒதுக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும். அவ்வொதுக்கத்தைக் கேள்விக்குட்படுத்திய குரலும் தமிழில் உண்டு. தீட்டு என ஒதுக்கப்படும் அதே குருதியிலிருந்துதான் மனிதவுடல் திரண்டது என்று கூறிச் சிவவாக்கியர் ஆசாரவாதிகளை எள்ளினார். ஆயின் சித்தர் பாடலைப் பாடிய கிராமங்களிலும் கலம் தொடாமை தொடர்ந்தே வந்தது. கருத்துலகில் ஏற்படும் கலகம் கிணற்றடிவரை சென்று சேர்வது எளிதன்று போலும்.

மட்டக்களப்பு வழக்கில் பிறப்பு, இறப்பு, மாதவிடாய் மூன்றினாலும் உண்டாகும் விலக்கு ‘துடக்கு’ எனப்படும். கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கு நடைபெறும் நாட்களில் இத்துடக்குக் கட்டுப்பாடு மேலும் இறுகும். முஸ்லிம் மக்களிடையே மாதவிடாய்க் காலத்தில் தொழுகையும் நோன்பும் விலக்கப்பட்டுள்ளன. விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்றல் வேண்டும், தொழுகையை அவ்வாறு ஈடுசெய்ய வேண்டியதில்லை. இவ்விரு சமூகத்தாரும் இப்பிரதேசத்தில் தாய்வழிக் குடிமரபையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்து மருமகனை அவ்வீட்டுக்கு வரவழைக்கும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டவர்கள். இதனால் பெண்பிள்ளை தன் தாயின் வளவை விட்டுப் பெரும்பாலும் நீங்குவதில்லை. அம்மம்மா, தாய், தாயின் சகோதரிகள் என அருகருகே வாழும் பெண்கூட்டத்தின் நடுவிலேதான் அவள் புத்தியறிகின்றாள். வேற்றூரில் மாமியார் வீட்டில் விலக்கிருக்கும் பெண்ணின் நிலையோடு ஒப்பிடுமிடத்து, இது பெரிய வேறுபாடாகும். துணை இருந்தது, ஆனால் துணை இருந்தமையால் விளக்கமும் இருந்தது எனக் கருதிவிடலாகாது.

இப்பிரதேசத்துப் பெண்களின் பூப்புச் சடங்கை அறிவுலகம் முதலில் நோக்கியது மானிடவியலாளரின் கண்களினூடாகவே. நூர் யல்மன் 1963இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கையிலும் மலபாரிலும் பெண்ணின் தூய்மை பற்றிய சடங்குகளைச் சாதித் தூய்மையோடு இணைத்து விளக்கினார். சாதியின் உறுப்புரிமை பெண்வழியே காக்கப்படுவதால் பெண்ணுடலின் வாயில்களுக்குக் காவல் இடப்படுகின்றது என்பது அவ்வாதத்தின் சாரம். 1980இல் டெபோறா வின்ஸ்லோ, இலங்கையின் பௌத்த, கத்தோலிக்க, முஸ்லிம் சமூகங்களின் முதற்பூப்புச் சடங்குகளை ஒப்பிட்டு, சடங்கின் உருவம் பெரிதும் ஒத்திருக்க, அதற்கு அளிக்கப்படும் பொருள் சமயத்துக்குச் சமயம் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார். அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, 1982இல் மட்டக்களப்புத் தமிழர், முஸ்லிம்களின் கருவளம் பற்றிய நம்பிக்கைகளை விரிவாக எழுதினார். இவ்வாய்வுகளின் பெறுமதி மறுக்கற்பாலதன்று. ஆயினும் இவை சடங்கின் பொருளைத் தேடிய அளவுக்குச் சிறுமியின் சுகத்தைத் தேடவில்லை. வேப்பிலையும் இரும்பும் எதற்குக் குறியீடு என்று ஆராயப்பட்டது. சடங்கு முடிந்து அடுத்த மாதம் அச்சிறுமி என்ன செய்தாள் என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே நின்றது.

சடங்கில் நன்மையான கூறு ஒன்றும் இல்லை என்றும் கூறுவதற்கில்லை. நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் பத்தியமாக ஊட்டப்பட்டமை, குருதி இழக்கத் தொடங்கும் உடலுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் வழங்கியது. இன்று பாடசாலைகளிலே வளரிளம் மாணவியருக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசைகள் வழங்கப்படுவதன் நோக்கமும் குருதிச்சோகையைத் தடுப்பதே. வேறுபாடு யாதெனில், சடங்குப் பத்தியம் ஒருமுறையோடு முடிந்துவிடும். பந்தலும் விருந்தும் பெருகப் பெருக, மகள் மணத்துக்குரியவள் என ஊருக்கு அறிவிப்பதே சடங்கின் முதன்மைப் பயனாயிற்று.

இனி, இவ்வரலாற்றின் மையமான செய்திக்கு வருதல் வேண்டும். பழைய மட்டக்களப்புச் சமூகத்தில் மாதவிடாய்த் துணி தனியொருத்தியின் பொறுப்பாக இருக்கவில்லை. அது வண்ணார் குலத்தின்மீது சுமத்தப்பட்ட குடிமைக் கடமையாக இருந்தது. பூப்பு, பிரசவம், மரணம் ஆகிய துடக்குகளின்போது வெளுத்த துணியை ‘மாற்று’ எனக் கொண்டுவந்து கொடுப்பதும், துடக்குத் துணியை எடுத்துச் சென்று வெளுப்பதும் அக்குலப் பெண்களின் தொழிலாயிருந்தன. போடியார் வீட்டுப் பெண் உடுத்த மாற்று, வெளுத்து வெயிலில் உலர்ந்த பின் மற்றொரு வீட்டுக்குச் செல்லும். இதற்குக் கூலி பெரும்பாலும் அறுவடைக்காலத்தில் களவெட்டியில் அளக்கப்படும் நெல்லே. துறையில் அடித்துத் துவைத்து, அவித்து, மணலில் விரித்துக் கடும் வெயிலில் உலர்த்தும் அம்முறை, நுண்ணுயிர்கள் பற்றி எவரும் அறியாத காலத்திலும் நல்ல சுகாதார முறையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அச்சுகாதாரம் யாருடைய முதுகின்மீது ஏறி நின்றது என்பதே கேள்வி. பிறரது துடக்கைக் கையால் தொட்டு நீக்குவதாலேயே வண்ணாரப் பெண் தாழ்ந்தவள் ஆக்கப்பட்டாள். தாழ்ந்தவள் ஆதலால் அத்தொழில் அவளுக்கே உரியது எனப்பட்டது. வட்டத்துள் அடைபட்ட இத்தருக்கத்தினின்றும் வெளியேற வழி இருக்கவில்லை. அவளுடைய மாதவிடாய்த் துணியை யார் வெளுத்தார் என்று எந்தப் போடியார் வீட்டிலும் கேட்கப்பட்டிராது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு தளரலாயிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கூலித்தொழிலின் பெருக்கம், நகரச் சலவைக் கடைகள், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஆகியன வெவ்வேறு அளவில் இதற்குக் காரணமாயின. 1980களில் இளைஞர் இயக்கங்கள் சாதித் தொழில்களைக் கண்டித்தமையும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்திற்று. குடிமைத் தொழில் ஒழிய வேண்டியதே. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அது ஒழிந்தபோது அதன் இடத்தை நிரப்புவதற்கு எதுவும் அமைக்கப்படவில்லை. பழஞ்சேலைத் துண்டைக் கிழித்து எடுப்பதும், எவரும் காணாமல் துவைப்பதும், பிற உடைகளுக்கு அடியில் மறைத்து அரைகுறையாக உலர்த்துவதும் ஒவ்வொரு பெண்ணின் தனிப்பட்ட இரகசியம் ஆயின. துறையில் வெயில் கண்ட துணி வீட்டில் நிழலுக்குள் புகுந்தது. சமூகநீதி ஓரடி முன்வைத்த அதேவேளையில் பெண்களின் சுகாதாரம் ஓரடி பின்வாங்கியது என்றால் அது முரண்பாடாகத் தோன்றலாம். பொதுக்கடமை ஒன்று ஒழிக்கப்பட்டு, அது தனிமனிதச் சுமையாக மாறும் இடங்களிலெல்லாம் இம்முரண்பாடு தலைகாட்டுவதுண்டு.

அறிவுத்துறையிலும் நிலைமை சிக்கலானதே. மாதவிடாய் முடிந்த உடனடி நாட்களே கருத்தரிப்புக்கு உரியவை என்பது இப்பிரதேச மக்களின் நம்பிக்கையாக இருந்தது. தொல்காப்பியத்தின் பன்னிரு நாள் விதியும் அதனோடு ஒத்துப்போகின்றது. இதனைக் கிராமத்து அறியாமை எனத் தள்ளிவிட முடியாது. சூல்முட்டை மாதச்சுழற்சியின் நடுப்பகுதியிலே வெளிப்படுகின்றது என்பதை யப்பானில் ஒகினோ 1924இலும் ஒஸ்திரியாவில் நோஸ் 1928இலும் நிறுவும்வரை ஐரோப்பிய வைத்தியர்களும் இதையொத்த கருத்தையே கொண்டிருந்தனர். இன்னும் ஒருபடி மேலாக, 1920இல் வியன்னா நகரில் பேலா ஷிக் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், மாதவிடாய்க் காலத்துப் பெண் தொட்ட பூக்கள் வாடின எனக் கண்டு அவளுடலில் நச்சுப்பொருள் ஒன்று சுரக்கின்றது என எழுதினார். ஆய்வுகூடத்தில் பிறந்த இந்தத் துடக்கு, விஞ்ஞானத்தின் பெயரால் சில பதின்ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது.

தமிழ்மொழியில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கப்பெற்றது. பிரசவ மருத்துவ நூலொன்றும் அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தது. ஆனால் பிரசவத்துக்குக் கிடைத்த இக்கவனம் மாதவிடாய்க்குக் கிடைக்கவில்லை. தாயாகும் பெண்ணே மருத்துவத்தின் பொருளாக இருந்தாள். இதே மனப்பாங்கு பிற்கால அரச சேவையிலும் தொடர்ந்தது. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட முதலாவது சுகாதார அலகு, நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்னும் அமைப்பைப் பரப்புவதற்கு முன்மாதிரியாயிற்று. 1968இல் தாய் சேய் நலத்துக்கெனத் தொடங்கிய பணியகமே பின்னர் குடும்பச் சுகாதாரப் பணியகம் ஆயிற்று. இவற்றின் வெற்றி உலகறிந்தது. தாய் மரண வீதத்தை ஏழை நாடொன்று இவ்வளவு தாழ்த்தியமை எளிய சாதனை அன்று. எனினும் மருத்துவமாது வீடுதேடி வந்தது கருவுற்றவளைப் பார்க்கவும் குழந்தையை நிறுக்கவுமே. பதின்மூன்று வயதுச் சிறுமி அவளது பதிவேட்டில் இடம்பெறவில்லை. கருப்பத்தோடு தொடர்பற்ற பெண்களின் உடல்நலத்துக்கென்றே அமைந்த சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996இலேயே தொடங்கப்பட்டன. அவையும் 35 வயதை எட்டிய பெண்களையே முதன்மையாகக் கருதியவை.

எஞ்சியது பாடசாலை. சுகாதாரக் கல்வி பாடத்திட்டத்தில் இருந்தும், இனப்பெருக்கம் பற்றிய அலகை வீட்டில் வாசிக்குமாறு கூறிப் பக்கத்தைப் புரட்டிவிடும் வகுப்பறைகள் இலங்கையில் பரவலாகவே இருந்துள்ளன. முதற்பூப்புக்கு முன்னர் அதுபற்றி ஏதும் அறிந்திராத மாணவியர் இலங்கையில் 66 வீதத்தினர் என, தென்னாசியப் பாடசாலைகள் பற்றி யுனிசெப், வோட்டர் எயிட் ஆகிய நிறுவனங்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று. ஊரெல்லாம் பந்தலிட்டுக் கொண்டாடும் ஒரு நிகழ்வைப் பற்றி, அதன் நாயகிக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லப்படுவதில்லை என்பது வியப்புக்குரியது.

போரும் இயற்கை அழிவும் இவ்விரகசியத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. 1978 நவம்பர் சூறாவளியில் வீடிழந்த மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கினர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகமே பல்லாயிரம் பேரின் அகதிமுகாம் ஆயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கைதுசெய்து கொண்டுசெல்லப்பட்டமை இப்பிரதேசம் மறக்கவியலாத துயரம். உயிருக்கே உறுதியில்லாத அத்தகைய இடங்களிலும் மாதம் மாதமாகவே வந்தது. ஒரு மண்டபத்தில் பல குடும்பங்கள், சில மலசலகூடங்கள், பொதுக்கிணறு ஒன்று. துணி மறைவாக உலர்வதற்குக்கூட இடமில்லாத நிலையில், வளவுக்குள் அடங்கியிருந்த பண்பாடு வழிகாட்டத் தவறிவிட்டது.

இக்காலப்பகுதியிலேதான் இப்பிரதேசத்தில் பெண்களின் அமைப்புகள் உருவாயின. இடம்பெயர்ந்த பெண்களின் மத்தியில் 1991இல் கொழும்பில் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு மாறியது. பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு முதலியோரின் பங்களிப்புடன் வளர்ந்த இந்நிலையம் ‘பெண்’ என்னும் சஞ்சிகையை வெளியிட்டதோடு, பாட்டாலும் நாடகத்தாலும் பெண்களின் பிரச்சினைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. இதன் முதன்மைப் பணி வன்முறைக்கு எதிரானதே. மாதவிடாய் அதன் தனித் தலைப்பு அன்று. ஆயினும் பெண்ணுடல் பற்றி வெட்கமின்றிப் பொதுவில் பேசலாம் என்னும் துணிவை இத்தகைய அமைப்புகளே இங்கு உண்டாக்கின. இலக்கியத்திலும் அத்துணிவு வெளிப்பட்டது. சாய்ந்தமருதைச் சேர்ந்த அனார், ‘மேலும் சில இரத்தக் குறிப்புகள்’ என்ற கவிதையில் மாதந்தோறும் தான் காணும் குருதியையும் போர் சிந்திய குருதியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். துடக்கு எனப்பட்டது எது, உண்மையில் அஞ்சத்தக்கது எது என்னும் கேள்வி இவ்வாறு ஒரு முஸ்லிம் பெண்கவிஞரின் வாயிலாகக் கிழக்கிலே எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இலங்கை முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் இறந்தனர். நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் முதலிய கரையோரக் குடியிருப்புகள் சில நிமிடங்களில் அழிந்தன. தப்பிய பெண்கள் உடுத்த உடையோடு முகாம்களை அடைந்தனர். உலகெங்கிலுமிருந்து பொருள்கள் வந்து குவிந்தன. அரிசி வந்தது, பருப்பு வந்தது, கம்பளிப் போர்வைகூட வந்தது. ஆனால் உள்ளாடையும் சுகாதாரத் துவாயும் தொடக்கநாட்களில் போதியளவு வரவில்லை. பட்டியல் எழுதியோரும் பகிர்ந்தோரும் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் கேட்கப் பெண்கள் நாணினர், கேட்க வேண்டும் என அவர்களுக்கும் தோன்றவில்லை. இதனைக் கண்ட மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் சில நாட்களுக்குள் ஒன்றிணைந்து இடர் முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பாகச் செயற்பட்டு, முகாம் முகாமாகச் சென்று தேவைகளைத் திரட்டின. மறைப்புள்ள குளிப்பிடம், வெளிச்சமுள்ள மலசலகூடம், உள்ளாடை, துவாய் ஆகியவற்றை நிவாரணத்தின் பகுதியாகக் கேட்டன. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியமும் சுகாதாரப் பொதிகளில் இவற்றைச் சேர்த்து வழங்கியது.

மாதவிடாய்த் துணி அடிப்படைத் தேவை என்பது அனைத்துலக நிவாரண விதிகளில் எழுதப்பட்டே இருந்தது. ஸ்பியர் கைந்நூலின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் குறிப்பிட்டது. ஆனால் ஜெனீவாவில் எழுதப்பட்ட விதி கல்லடி முகாமுக்கு வந்துசேர, வாவிக்கரைப் பெண்கள் அதனைக் கூட்டங்களில் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னேற்றம் மேலிருந்து இறங்கியதாகப் பின்னர் எழுதப்படும் அறிக்கைகளைப் படிப்போர் இதனை நினைவிற்கொள்ளல் தகும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் போர் மூண்டு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாவட்டத்தினுள் இடம்பெயர்ந்து வாழ்ந்தபோது, கடற்கோளில் பெற்ற அந்த அனுபவம் மீண்டும் தேவைப்பட்டது.

போர் 2009இல் முடிந்தபின் பிரச்சினை சந்தைக்கு மாறியது. கடதாசித் துவாய் புதிய பொருள் அன்று. முதலாம் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டப்பட்ட மரநார்ப் பஞ்சிலிருந்து, 1920ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கோட்டெக்ஸ் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. படுவான்கரைக் கடைகளில் அது சாதாரணப் பொருளாகப் பல பதின்ஆண்டுகள் சென்றன. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் ‘பாதை’ ஏறியே மக்களும் சரக்கும் வாவியைக் கடந்தன என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். பாலம் வந்தபின் பொருள் வந்தது. அதனை வாங்கும் வருவாய் வந்ததா என்பதே அடுத்த வினா.

அரசு இப்பொருளை ஆடம்பரப் பொருள் போன்றே நடத்தியது. இறக்குமதி செய்யப்பட்ட சுகாதாரத் துவாய்மீதான மொத்த வரி 2018 வரை 101.2 வீதமாக இருந்தது. அவ்வாண்டு செஸ் வரி நீக்கப்பட்டபோதும் 62.6 வீதம் எஞ்சியது. கென்யா 2004இலேயே இதன்மீதான பெறுமதிசேர் வரியை நீக்கியிருந்தது; இந்தியா 2018 யூலையில் பொருட்கள் சேவைகள் வரியை முற்றாக நீக்கியது. தமிழகம் இன்னும் முன்னரே, 2012இல் புதுயுகம் திட்டத்தின் மூலம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாகத் துவாய் வழங்கத் தொடங்கிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் மலிவான துவாய் இயந்திரத்தை உருவாக்கியதும் அம்மண்ணிலேதான். பாக்கு நீரிணையின் ஒருபுறத்தில் அரசு வழங்கிய பொருளுக்கு மறுபுறத்தில் அரசு விலையினும் மிகுதியாக வரி அறவிட்டது.

2022இன் பொருளாதார நெருக்கடி நிலைமையை முற்றச்செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. குடும்பச் செலவில் முதலில் வெட்டப்படுவது, குடும்பத்தலைவன் பெயர் சொல்லிக் கேட்காத பொருளே. பழஞ்சேலை மீண்டும் கிழிபட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் உள்ளூர் உற்பத்திக்கான மூலப்பொருள்களுக்கு வரிச்சலுகை அளிக்கப்பட்டது. 2024இல் கல்வி அமைச்சு, வசதி குறைந்த பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியருக்கு ஆண்டொன்றுக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாதத்துக்கு 100 ரூபா என்பது பெரிய தொகை அன்று. ஆனால் மாதவிடாய் அரச வரவுசெலவுத் திட்டத்தில் வரி தரும் பொருளாக அன்றிச் செலவினமாக எழுதப்பட்டது என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம் ஆகும்.

இத்திட்டங்களை மதிப்பிடுமிடத்து ஒரு பொதுக்குறை புலப்படுகின்றது. வழங்கப்பட்ட துவாய்களை எண்ணுவது எளிது. ஆகவே அவை எண்ணப்படுகின்றன. நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி எவ்வகையிலும் தீங்கானதன்று. தீங்கு செய்தது துணியன்று, அதனை வெயிலுக்குக் காட்டவிடாத வெட்கமே. துவாயைப் பெற்ற மாணவிக்கும் அதனை மாற்றப் பூட்டுள்ள மலசலகூடமும், கைகழுவ நீரும், கழித்ததை இட மூடியுள்ள கூடையும் வேண்டும். வறட்சிக் காலத்தில் கிணறு வற்றும் பட்டிப்பளை, வவுணதீவு, வெல்லாவெளிப் பகுதிப் பாடசாலைகளில் இவை வவுச்சருக்கு முந்திய தேவைகள். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி நகரத்துக்குக் குழாய்வழி செல்கின்றது. குளத்தைச் சூழ்ந்த வட்டைகளில் நாற்றுநடும், கதிரறுக்கும் பெண்கள் பாடசாலையை விட்டு நீங்கியவர்கள். அவர்களுக்கு வவுச்சரும் இல்லை. வயல்வரம்பில் மறைவிடமின்றி, காலை முதல் மாலைவரை சேற்றில் நிற்கும் அவர்கள், அந்நாட்களில் வேலைக்குச் செல்லாது கூலியை இழப்பதா, சென்று நனைந்த துணியோடு நாள் முழுவதும் நிற்பதா என்பதை இன்றும் மாதந்தோறும் தாமே தீர்மானித்துக்கொள்கின்றனர்.